பெயர்ப் பலகையின் மூன்றாவது வரி

இன்று காலை நம் லாரிப் பட்டறைப் பக்கம் போனேன். வாசலைத் தாண்டியதுமே எனாமல் பெயிண்டும் டர்பன்டைனும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. தினமும் உங்கள் சட்டையோடு வீடு வந்து சேர்ந்த வாடை. நீங்கள் கண்மூடிய பிறகு நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. அழுவதற்குப் போகவில்லை. சண்டை போடப் போனேன்.

மழையில் உரிந்துபோன என் பெயர்ப் பலகையை அங்கேதான் திருப்பி எழுதக் கொடுத்திருந்தேன். இப்போது லாரி பாடி கட்டும் வேலையெல்லாம் உங்கள் தம்பியின் பொறுப்பு. நேற்று அவர் வீட்டுக்கு வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க அண்ணி, அண்ணனே போயிட்டாரு. இனி அந்த மூணாவது வரி எதுக்குங்க? இங்க யாருக்குங்க அது புரியுது? அத உட்டுட்டு எழுதச் சொல்லிட்டனுங்க."

முதல் வரியில் என் பெயர். இரண்டாவதில் வழக்கறிஞர். மூன்றாவதில் 'ஐரோப்பிய வணிகச் சட்டத்தில் முதுகலை, பெல்ஜியம்'. இன்று மூன்றாவது வரி போனால் நாளை இரண்டாவதும் போகும் என்பது எனக்குத் தெரியாதா? கோர்ட்டுக்குப் போனது போதும், வீட்டோடு இருங்கள் என்பார்கள்.

ராசிபுரத்துக் கல்யாணப் பந்தி நினைவிருக்கிறதா? எனக்கு உதவித்தொகை கிடைத்த செய்தி சொந்தபந்தம் முழுக்கப் பரவியிருந்த நேரம். எதிர் வரிசையிலிருந்த உங்கள் பெரியப்பா, பெண்கள் பக்கமும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார். "என்னப்பா, பொண்டாட்டியச் சீமைக்கு அனுப்பறயாமா? போனவ திரும்பி வருவாள்னு நெனைக்கறயா?" பந்தியே சிரித்தது. உங்கள் இலையில் அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். "வராட்டியும் அது எனக்கும் அவளுக்கும் உள்ள சங்கதிங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள்.

மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன் இலையை விட்டு எழுவது நம் ஆட்களிடையே சின்னக் காரியமா? பக்கத்து இலையில் உங்கள் தம்பி இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடி வந்தேன். "ஏனுங்க இப்படிப் பண்ணிப் போட்டீங்க?" என்றேன். "அத அப்பறம் பேசலாம் புள்ள. பசிக்குது. பஸ் ஸ்டாண்டுல தோசை திங்கலாம், வா."

பெல்ஜியத்தில் முதல் சில வாரங்கள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளிர் வேறு. பிறகு ஒருநாள் பாடம் பிடிபட்டது. அங்கே பல நாடுகள் சேர்ந்து ஒரே பொதுச் சந்தை. ஒரு நாட்டுச் சரக்குக்கு இன்னொரு நாட்டு எல்லையில் சுங்கம் கேட்கக் கூடாது. இதை உங்களுக்கு எழுதினேன். "அந்தச் சட்டத்துல ஒரு காப்பி அனுப்பு, நம்ம செக்போஸ்ட்டுல ஒட்டிப் போடலாம். டிரைவருங்க உன்னயக் கும்புடுவாங்க" என்று பதில் போட்டீர்கள். நூலகத்தில் அதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். அந்தப் படிப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. உங்களைப் பிரிந்திருந்தது கொடுமையாகவும் இருந்தது.

திரும்பி வந்ததும் கோர்ட்டு வராந்தாவில் ஆரம்பித்தார்கள். "நாமக்கல் கோழிப்பண்ணைத் தகராறுக்கு பெல்ஜியம் சட்டமாங்க?" வெட்கமாகப் போய்விட்டது. பலகையில் பட்டத்தைப் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. "படிச்சது நீ. எழுதறது நம்ம பெயிண்டரு. ஆணி அடிக்கறது நானு. சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான்." லாரி முகப்பில் எழுதுகிற அதே மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழலோடு. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? அந்தச் சட்டத்தை வைத்து ஒரு வழக்குகூட இதுவரை வரவில்லை. பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும்தான் வருகின்றன. வராவிட்டால் என்ன? நான் படித்தேன், பாஸ் செய்தேன், திரும்பியும் வந்தேன். எதற்கு உபயோகம் என்று கேட்கிறவர்கள், தாங்கள் போட்டுக்கொள்ளும் தங்கச் சங்கிலியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பட்டறையில் உங்கள் தம்பி நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. பலகைக்கு நீல வண்ணம் பூசிக் காயவைத்திருந்தார்கள். பெயிண்டர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்கம்மா பண்ணட்டும்? ரெண்டு வரியோட நிறுத்திக்கட்டுங்களா?"

"மூணாவது வரிய மொதல்ல எழுதுங்க" என்றேன். "எம் பேர அப்பறம் எழுதிக்கலாம்."

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார். பலகையின் அடியில் மஞ்சளில் 'ஐ' விழுந்தது. கடைசி எழுத்து வரை நின்று பார்த்துவிட்டு, கிளம்பும்போது உங்கள் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தேன். நாளைக் காலை ஆணி அடிக்கப்போவது நான்தான்.