பொருந்தாத றப்பர்

குருநகர்
04.02.2024

அன்புள்ள றஞ்சித்துக்கு,

நானும் பிள்ளையும் சுகம். மாமியின் முழங்கால் வலியும் வழமைபோலச் சுகமாகவே இருக்கிறது. தொலைபேசியில் கதைத்தால் உங்கள் அம்மா பக்கத்துக் கதிரையை விட்டு எழும்புவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் போகும் வழியில், ஆளில்லாத வல்லை வெளியில் உங்கள் மோட்டார் சைக்கிள் என்னைக் கைவிட்டுவிட்டது. ஸ்ராட் ஆகிறது, நின்ற இடத்தில் நன்றாக இரைகிறது, முறுக்கினால் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. கராச் குகதாசன் அண்ணை காபரேற்றரைத் திறந்து காட்டினார். "டயபிறம், உந்த மெல்லிய றப்பர், கிழிஞ்சு போச்சுது தங்கச்சி. உந்தப் பழைய யப்பான் சாமானுக்குக் கொழும்பிலையும் றப்பர் இல்லை. அவரிட்டைச் சொல்லி அங்கையிருந்து எடுப்பியுங்கோ."

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடமோ உடுப்பிட்டியில். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடுகிறது. இன்னும் நிரந்தரமாக்காத நியமனம். அதிபர் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். மாமி, "விட்டிட்டு வீட்டிலை இரு பிள்ளை" என்கிறா. இந்த வேலையும் போனால் குசினிக்கும் முற்றத்துக்கும் நடுவில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சுணங்காமல் அனுப்புங்கள்.

உங்கள்
யசிந்தா

பாரிஸ்
19.02.2024

அன்பான யசி,

உமது கடிதம் கிடைத்தது. றப்பருக்குச் சொல்லிவிட்டேன், வரும். அந்தச் சைக்கிளை எத்தனையோ தரம் கழற்றிப் பூட்டியவன் நான், கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்லுவேன். விளிம்பு பள்ளத்தில் சுற்றிவர அமர்ந்த பிறகுதான் மூடியை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நசிந்துவிடும் என்று குகதாசனிடம் சொல்லும்.

அதுவரை லீவு போடும். வல்லை வெளியில் நீர் தனியாக ஓடுவது எனக்கும் பிடிக்கவில்லை. விசா இல்லாத என் பாடு உமக்குத் தெரியும். வேலை செய்யும் சமையலறை, படுக்கும் கீழறை, அவ்வளவுதான் என் பாரிஸ். பிள்ளைக்கு முத்தம்.

றஞ்சித்

குருநகர்
21.04.2024

றஞ்சித்,

முதல் வந்த றப்பர் சிறியது. "கடைக்காரன் பிழை விட்டிட்டான்" என்றீர்கள், நம்பினேன். குகதாசன் அண்ணை பழையதையே பசை போட்டு ஒட்டித் தந்தார். நீர்வேலி வரை ஓடியது, பெற்றோல் பட்டுப் பசை கழன்றுவிட்டது.

நேற்று இரண்டாவது பார்சல் வந்தது. நான் அதை வெட்டியிருக்கவில்லை. மாமி மீன் அரிந்துகொண்டே, "உதுவும் பொருந்தாது, ஏன் மினக்கெடுறாய்?" என்றா. வெட்டிப் பார்த்தேன். இது பெரிது.

பிரிக்காத பார்சலுக்குள் என்ன இருக்கிறதென்று மாமிக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்லுகிறவர் இரண்டு தரமும் பிழை விடுவாரா? எனக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

யசிந்தா

பாரிஸ்
08.05.2024

யசி,

பிழை விடவில்லை. அம்மாவோடு கதைத்து, தெரிந்துதான் அனுப்பினேன்.

எட்டு வருடமாகப் பொலிசைக் கண்டால் தெரு மாறிப் போகிறேன். ஊருக்கு வந்தால் திரும்பி இங்கே வர ஏலாது. நீங்கள் இருவரும் என் உழைப்பில் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் இந்தக் கீழறையில் கிடக்கிறேன். உமது வேலை நிரந்தரமாகிவிட்டால் நான் யாருக்காக இங்கே சட்டி கழுவுகிறேன்? வேலையை விடும் யசி. கும்பிட்டுக் கேட்கிறேன்.

றஞ்சித்

உடுப்பிட்டி
02.06.2024

அன்புள்ள றஞ்சித்துக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். முதலில் உங்களுக்காக, பிறகு எனக்காக. உங்களை அங்கே அடைத்து வைத்தவள் நானில்லை. நீங்கள் அடைபட்டிருக்கிறீர்கள் என்பதற்காக என்னையும் இங்கே அடைப்பதை அன்பென்று எடுக்க என்னால் முடியவில்லை.

குகதாசன் அண்ணை வவுனியாவில் விபத்தில் நொறுங்கிய அதே மாதிரிச் சைக்கிள் ஒன்றிலிருந்து டயபிறம் எடுப்பித்தார். விளிம்பை விரலால் அமர்த்தி, ஸ்பிறிங்கை வைத்து, நானே மூடியை இறுக்கினேன். நன்றாக இழுக்கிறது. தினமும் போய்வரலாம்தான். ஆனால் பின்னேரம் அந்த வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறையும் குசினியுமாக ஒரு வீடு எடுத்திருக்கிறேன். பிள்ளையை முன்னால் இருத்தி, உடுப்புப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது மாமி படலையைப் பிடித்தபடி நின்றா. "அவன் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றா. "நான் எழுதுறன் மாமி" என்றேன். அவவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

இனிக் காசு அனுப்பவேண்டாம். வர முடிந்தால் வாருங்கள்.

பிள்ளை நேற்று அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா வந்தா எங்கை படுப்பார்?" என்று கேட்டாள். அதை நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

யசிந்தா