நாவலடிக்குளம் உடையவில்லை

அனுப்புநர்:
திருமதி ராஜினி சுதாகரன்,
நாவலடிக்குளம், தர்மபுரம்,
கிளிநொச்சி.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: குளம் உடைந்ததாகப் பரவிய வதந்தியும், மழை நாட்களில் நீர்மட்டத்தை அறிவிக்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த கார்த்திகை மழையில், எமது குளத்தைப் பார்த்துவரும் திரு. சின்னராசா, குளக்கட்டின் அடி ஓரிடத்தில் ஈரமாக இருப்பதாகத் தேநீர்க்கடையில் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அது கட்டு கசிகிறது என்றாகி, வட்ஸ்அப் குழுக்களில் உடையப்போகிறது என்றாகியது. பின்னேரம் பிரான்சிலிருந்து என் கணவரின் அண்ணன் அழைத்து, "குளம் உடைஞ்சிட்டுதாம், நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்டார். அதன் பின்னர் எங்களுக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

2. ஓடு என்றால் ஏனென்று கேட்காமல் ஓடிப் பழகிய சனம் நாங்கள். அப்போது நான் நிறைமாதக் கர்ப்பிணி. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் வலி தொடங்கி, வைத்தியசாலை வாசலில் அந்தப் பெட்டிக்குள்ளேயே மகள் பிறந்தாள். மாமியார் ராக்காயி பதற்றத்தில் இறங்கி விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது. இன்றும் தடியூன்றியே நடக்கிறார். மறுநாள் எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்தபோது குளம் அப்படியே இருந்தது.

3. ஆயினும் கதை நிற்கவில்லை. "அது அண்டைக்கு உடைஞ்ச குளம்தானே" என்கிறார்கள். எங்களோடு திரும்பிவந்து, கட்டு முழுதாக இருந்ததைக் கண்ணால் கண்டவர்களிலும் சிலர் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். வயலைக் குத்தகைக்கு எடுக்க வருபவர்கள் பின்வாங்குகின்றனர். பக்கத்துக் காணிக்காரர் இம்முறை சிறுபோகம் விதைக்கவேயில்லை.

4. தை மாதம் மழை பிடித்ததும் அதே கதை கிளம்பியது. மாதர் சங்கத் தலைவி செல்வி பிரஷாந்தினி, சின்னராசாவைக் கூட்டிக்கொண்டு நனைந்தபடியே குளக்கட்டுக்குப் போய், அங்கிருந்து குரல்பதிவு அனுப்பினார்: "நான் கட்டிலதான் நிக்கிறன். வான் பாயேல்லை, தண்ணி மேலால வழியேல்லை. கட்டு நல்லா இருக்கு. எல்லாருக்கும் சொல்லுங்கோ." அதையும் சனம் கைக்குக் கை அனுப்பியது. பிரான்சுக்குப் போய் எங்களுக்கே திரும்பியும் வந்தது. கட்டிய மூட்டைகளைப் பலர் அவிழ்த்தனர். அன்று நானும் பிள்ளையும் எங்கள் வீட்டிலேயே படுத்தோம். பொய் மட்டுமல்ல, மெய்யும் அப்படிப் பரவும் என்று அன்றுதான் கண்டேன்.

ஆகையால் ஐயா, வீதியில் நின்றே பார்க்கக்கூடியவாறு குளத்தில் நீர்மட்ட அளவுகோல் ஒன்றை நாட்டுவித்து, மழை நாட்களில் காலையும் மாலையும் பொறுப்பான அலுவலர் ஒருவர் நிலைமையைக் கோவில் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஒழுங்கு செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன். செல்வி பிரஷாந்தினியும் உதவ முன்வந்துள்ளார்.

ஓடவேண்டிய நாள் உண்மையிலேயே வந்தால் நாங்கள் ஓடத்தான் வேண்டும். அன்று உங்கள் அறிவிப்பை நாங்கள் நம்பவேண்டும். அந்த நம்பிக்கையை இந்த மாரிக்கு முன்பே தொடங்கிவைப்பீர்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ரா. சுதாகரன்
(ராஜினி சுதாகரன்)

இடம்: தர்மபுரம்
திகதி: 12.08.2025