கஸ்தூரி தேய்த்த காலணா

அன்பான மாப்ளே,

எப்படி இருக்கிறாய்? அங்கே வெயில் எப்படி? இங்கே சேலையூரில் தார் உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கேம்ப் ரோட்டில் உன் சைக்கிளை நிறுத்துவாயே, அந்தப் புங்க மரத்தடியில் இப்போது எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. மரத்தை வெட்டவில்லை, கூரையில் ஓட்டை போட்டு மரத்தை உள்ளேயே விட்டிருக்கிறான். பேசுகிறவன் தலையில் இலை விழுகிறது. பார், எங்கேயோ போய்விட்டேன்.

உன் காலணாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய காசு விற்கிற பாயிடம் வாங்கினாயே, அதுதான். அதிலிருக்கும் ராஜாவின் கழுத்தோரம் கொடி மாதிரி ஏதோ நிழலாகத் தெரிகிறதே, அழுக்கா என்று கேட்டேன். சிரித்தாய்.

"அழுக்கு இல்ல மச்சான். காசடிக்கிற எடத்துல நடுவுல தகடு வைக்காம வுட்டுட்டானுங்க. மேலச்சும் கீழச்சும் மோதிக்கினு, பின்பக்கத்துக் கொடி ராஜா அச்சுல பதிஞ்சிடுச்சு. அப்புறம் அடிச்ச காசுல எல்லாம் அந்த நெழலு."

பழுதான காசை எவன் வாங்குவான் என்றேன். அந்தப் பழுதுக்குத்தான் விலை என்றாய். நிழல் லேசாக இருந்தால் யாரும் சீண்ட மாட்டார்களாம். இப்படித் தெளிவாக விழுந்தால்தான் தேடி வருவார்களாம். கவனிக்காமல் விற்றுவிட்ட பாயே திருப்பிக் கேட்டு வீடு வரை வந்தார். நீ அசையவில்லை.

உன் வருஷத் திதிக்குக் கஸ்தூரி படையல் போட்டாள். என் தங்கை சமாச்சாரம் உனக்குத் தெரியாததா? விளக்கு, சொம்பு எல்லாம் துலக்கினவள் உன் காலணாவையும் விடவில்லை. புளியும் செங்கல் பொடியும். உன் படத்துக்கு முன்னால் வெற்றிலை மேல் அது தகதகவென்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். ராஜா மட்டும் இருந்தார். கொடி போய்விட்டது.

பாயும் வந்திருந்தார். கஸ்தூரி அதை எடுத்து அவர் கையிலேயே பார்க்கக் கொடுத்தாள்.

"ராஜா கழுத்துல கறை பாய். எங்க வூட்டுக்காரரு அத்தயே பாத்துகினு குந்தியிருப்பாரு. பாவம், எவ்ளோ உறுத்திச்சோ. கை நோவத் தேச்சு எடுத்துட்டேன்."

பாய் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் தாங்குவாளா?

"நல்லா கீதும்மா," என்றார். "அவரு பாத்தா சந்தோசப்படுவாரு."

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், இனி அது வெறும் செம்பு என்று என் காதோடு சொன்னார்.

கோபமா மாப்ளே? இப்போதெல்லாம் அதைச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறாள். மனசு சரியில்லாவிட்டால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு இன்னும் என்ன விலை வேண்டும்?

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கறை என்னவென்று என் வாயால் அவளிடம் ஒருநாளும் சொல்ல...

"இன்னாண்ணா, அவருக்கா எழுதிகினு கீற? காலணா பளிச்சுனு கீதுன்னு எழுதினியா?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். மாப்ளே, உன் காலணா பளிச்சென்று இருக்கிறது.

உன் மச்சான்,
கஸ்தூரியின் அண்ணன்