கறுத்த நாக்கு

நவம்பர் 9
மகள் நிங்நிங்குக்கும் நுரையீரல் சளிதான். அவள் வகுப்பில் இத்துடன் பதினோரு பிள்ளைகள். எங்கள் ஆஸ்பத்திரியில் லூ ஆங்கில மருத்துவம், நான் நாடியும் நாக்கும் பார்த்து மூலிகை கொடுக்கும் சீன வைத்தியம். "மூணு நாள் மாத்திரை, நாலு நாள் நிறுத்தம். உன் கஷாயம் தினமும் ரெண்டு வேளை. சேர்த்தே குடுப்போம்" என்றாள் லூ. ஹௌரான் தலையாட்டினான். "டாக்டரம்மா, நீ வேலைக்குப் போ. ரெண்டையும் நான் பாத்துக் குடுக்கிறேன்." தங்கமான புருஷன்.

நவம்பர் 10
கசப்பு தெரியாமலிருக்க அதிமதுரம் கூடப் போட்டுக் காய்ச்சினேன்.

நவம்பர் 13
காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் நாக்கில் ஏன் கறுப்புப் படிவு? நோயின் சூடு உள்ளே இறங்கினால்தான் நாக்கு இப்படிக் கறுக்கும்; இறங்குகிறதா? கஷாயத்தை மாற்றினேன், இன்னும் கடுமையாக.

நவம்பர் 15
மறுபடியும் மாற்றினேன். பிள்ளை குதித்து விளையாடுகிறாள், நாக்கு மட்டும் சாகக் கிடப்பவள் நாக்கு. பயமாக இருக்கிறது. வார்டில் தாய்மார்களிடம் மட்டும், "என் மகளுக்கும் ரெண்டும்தான், நாலே நாள்ல எந்திரிச்சிட்டா" என்று பெருமையடிக்கிறேன்.

நவம்பர் 16
பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு மொத்தமும் பஞ்சில் வந்துவிட்டது. முகர்ந்தேன் — உப்பில் உலர்த்திய பிளம் பழம்!

நாக்கைப் பார்க்கும் முன் என்ன தின்றாய் என்று கேட்கவேண்டும். முதல் வருடப் பாடம். நான் கேட்கவில்லை. என் வீடாயிற்றே.

"அப்பாதான் தந்தாரு. கஷாயத்த சிங்க்ல ஊத்திட்டு ஒரு பழம் குடுப்பாரு. நாக்கு கறுப்பா இருந்தா கஷாயம் குடிச்சேன்னு அம்மா நம்பிடுவாங்கன்னாரு."

ஹௌரான் வந்தான். "குடிச்சா வாந்தி எடுக்கிறா. மாத்திரையிலயே சரியாயிட்டு வந்துச்சு. உன் மனசு நோகக் கூடாதேன்னுதான்..."

"என் மனசா? இல்லாத நோய்க்கு ரெண்டு தடவ மருந்து மாத்தியிருக்கேன்டா! அவ அத நெசமாவே குடிச்சிருந்தா?"

பாவி! கஷாயத்தைக் கொட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஏழு வயதுப் பிள்ளையின் நாக்கிலேயே பொய்யைத் தடவி அனுப்பினானே. தினமும் காலையில் விளக்கைப் பிடித்து அதைப் பார்த்தேனே, முட்டாள்.

நவம்பர் 20
லூவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "வார்டுலயும் சொல்லிடு" என்றாள். சொன்னேன்: "என் மக கஷாயமே குடிக்கல. மாத்திரையிலதான் தேறினா." பன்னிரண்டாம் படுக்கைத் தாய் கையிலிருந்த கஷாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இத எதுக்குக் குடுக்கிறோம், டாக்டர்?" என் மகளை வைத்துச் சொல்ல இனி என்னிடம் எதுவுமில்லை.

டிசம்பர் 4
ஹௌரானுக்குத் தொண்டைக்கட்டு. அவனாகவே வந்து உட்கார்ந்தான். "கஷாயம் போட்டுக் குடு. ஒரு சொட்டு விடாம குடிக்கிறேன்."

"என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்ல, சத்தியமா."

நாக்கை நீட்டினான். வெளிர்சிவப்பு, மேலே மெல்லிய வெள்ளை, சாதாரண சளி நாக்கு. நிங்நிங் தானாகவே ஓடிப்போய்ப் பஞ்சை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினேன்.