நூலக அறிவித்தல்

எம்மன்புரூக்கே, சுவிஸ், 18.02.2025

அன்பு மகன் சுஜிதனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை நீ சொன்னால்தான் உண்டு. தொலைபேசி எடுத்தால் "வகுப்பில நிக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா வகுப்பு? அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பெயருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுத்தபால் வந்தது. உடைத்துவிட்டேன், கோபிக்காதே. இரண்டு பக்கமும் டொச், எனக்கு ஓடாத ஜேர்மன் மொழி. ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டுக் கடிதங்களை வாசித்துச் சொன்னவன் நீதானே. இதையும் வாசித்துச் சொல். அம்மா சுட்ட வடையோடு அனுப்புகிறேன்.

அப்பா யோகலிங்கம்


பேர்ண், 21.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வடை அருமை. கடிதம் ஒன்றுமில்லை, நூலக அறிவித்தல். புத்தகம் ஒன்று திருப்பிக் கொடுக்கவில்லையாம், கொடுத்துவிட்டேன். படிப்பு நன்றாகப் போகிறது. வேறு யாரிடமும் காட்டினீர்களா?

சுஜிதன்


எம்மன்புரூக்கே, 25.02.2025

அன்பு மகனுக்கு,

ஒரு புத்தகத்துக்கா பதிவுத்தபால்? யாரிடம் காட்டினேன் என்று ஏன் கேட்கிறாய்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அம்மா "பெடியனை நம்புங்கோ" என்கிறாள். நம்பத்தான் பார்க்கிறேன். இன்னொருமுறை வாசித்துச் சொல்.

அப்பா


பேர்ண், 28.02.2025

அப்பா,

நான் என்ன களவா எடுத்தேன், இப்படி விசாரிக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு யாதவி ஏதும் மூட்டிவிட்டாளா? நூலகம்தான். இனிக் கேட்காதீர்கள்.

சுஜிதன்


எம்மன்புரூக்கே, 04.03.2025

அன்பு மகனுக்கு,

உனக்கு அனுப்புமுன் பிரதி எடுத்து யாதவியிடம் வாசிப்பித்தேன். ஜனவரிப் பரீட்சையில் தவறிவிட்டாய். ஜூனில் மறுபடி எழுதலாம், மார்ச் பதினைந்துக்குள் பதிய வேண்டும். தெரிந்துகொண்டே உன்னைக் கேட்டது என் பிழைதான். நீயாகச் சொல்வாய் என்று ஆசைப்பட்டேன்.

ஆறாம் வகுப்பிலும் ஆசிரியையின் கடிதத்தை "சுற்றுலாவாம் அப்பா" என்று வாசித்தாய். உன்னை மேற்படிப்புப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று அதில் இருந்தது. வேலைத்தலத்தில் ஒருவரிடம் காட்டி அறிந்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லாமல், கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த ஆசிரியையிடம் போய், எனக்குத் தெரிந்த நாலு டொச் சொல்லை வைத்துக் கெஞ்சினேன். பிறகுதான் உன்னை எடுத்தார்கள். இப்போது நீ பெரியவன், உனக்காக நான் போய்க் கெஞ்ச முடியாது. தவறியது எனக்குக் கவலைதான். ஒளித்தது அதைவிடக் கவலை.

பதிவுப் படிவத்தை யாதவி எடுத்துத் தந்தாள். பெயரும் முகவரியும் நான் நிரப்பியிருக்கிறேன். கையெழுத்து நீதான் வைக்க வேண்டும்.

அப்பா


பேர்ண், 10.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதிந்துவிட்டேன். நம்பமாட்டீர்கள் என்று பிரதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். வந்த கடிதங்களை எடுத்து வையுங்கள், உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன். பிறகு யாதவியிடமும் காட்டிச் சரிபாருங்கள், கோபிக்க மாட்டேன்.

உங்கள் மகன்
சுஜிதன்