கை நனைத்த விவரம்

லா சப்பல், பாரிஸ்
சித்திரை 28

அன்பு மகள் கஜந்தினிக்கு,

நல்லூர்க் கந்தன் துணையால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. புவனஸ் அயர்சில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தை மாதம் நீ மத்தியாசைக் கட்டச் சம்மதம் கேட்டாய், பார்ப்பம் என்றேன், மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய தாய் நோர்மா தன் தம்பியிடம் பாரிசுக்கு வந்திருக்கிறார், எங்களைச் சந்திக்க விரும்புகிறார் என்று நீ சொன்னதும் நான் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு ஒன்றும் இல்லை, முடியாது என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை. சம்பந்தம் பேசப் போகும் இடத்தில் சம்மதம் இல்லாமல் கை நனைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கே சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

தம்பியாரின் ஆர்ஜன்டீனச் சாப்பாட்டுக் கடை ஒரு கூரை போட்ட சந்தைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் பூ, நடுவில் இவர்களுடைய அடுப்புப் புகை. மேசை ஒதுக்கி வைக்கும் பழக்கம் கிடையாது, சொந்த அக்காவுக்கும் கிடையாதாம். அம்மா கலியாண வீட்டில் அடுத்த பந்திக்கு நிற்பது போல ஒரு சோடியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள், அவர்கள் பாதியில் எழும்பிப் போய்விட்டார்கள். உயரமான ஸ்டூல், என் கால் நிலத்தில் படவில்லை. நீ சொல்லி வைத்தபடி மாட்டிறைச்சி இல்லாமல், மாவை மடித்து உள்ளே சோளம் வைத்துச் சுட்ட எம்பனாடா வந்தது, எங்கள் பற்றீஸ்தான், உறைப்பை மறந்துவிட்டார்கள். கடை எல்லாருக்கும் பொது, அங்கே சாப்பிடுவது சம்பந்தி வீட்டில் கை நனைத்ததாகாது என்று யோசித்து நான்கு சாப்பிட்டேன்.

அப்போதுதான் நோர்மா அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு சுரைக்குடுக்கையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்தார். மாத்தே என்ற தேயிலை மாதிரி ஒன்று, இரும்புக் குழாயால் உறிஞ்ச வேண்டும். முதலில் தான் குடித்தார், திரும்பத் தண்ணீர் ஊற்றி அதே குழாயோடு என்னிடம் நீட்டினார். இது கடைச் சாமான் இல்லை, அவருடைய வீட்டுச் சாமான். அதோடு எச்சில். நான் போத்தல் தண்ணீரையே அண்ணாந்து குடிக்கிறவன். கொதிதண்ணீரை அண்ணாந்து குடிக்க வழியில்லை.

நான் குடுக்கையைப் பிடித்தபடி இருந்தேன். எங்கள் ஸ்டூலுக்கு இரண்டு பேர் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நோர்மா அம்மா ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார், தம்பியார் பிரெஞ்சில் சொன்னார், நான் அம்மாவுக்குச் சொன்னேன்: உங்கடை மகள் என்ரை பெடியனைப் பாரிசுக்குக் கொண்டு போயிடுவாள் எண்டு பயந்து, வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான், ஆனா எனக்குக் காய்ச்சல் வந்த மூண்டு நாளும் அவள்தான் பக்கத்திலை இருந்தவள், இப்ப எனக்கு வாய் வரேல்லை எண்டு சொல்லுறா.

காய்ச்சல் விஷயத்தை நீ எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் வேறு இனம், வேறு சமயம் என்பதால்தான் நான் மறுக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. நீ அங்கேயே இருந்துவிடுவாய், நாங்கள் உன்னைத் தொலைபேசியில் மட்டும் பார்த்துக் கிழடாகிவிடுவோம் என்ற பயம். அதே பயத்தோடு இன்னொரு தாய் அவ்வளவு தூரம் பறந்து வந்து என் முன்னால் இருந்தார்.

குடித்தேன். வேப்பம்பூ வடகத்தை ஊறவைத்த தண்ணீரின் கசப்பு. குழாய் சத்தம் போடும் வரைக்கும் உறிஞ்சிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். என்னப்பா, கை நனைச்சிட்டியள் என்று அம்மா கேட்டாள், ஓம் என்றேன். அவளும் குழாயைத் துடைக்காமலே வாங்கிக் குடித்தாள், கசப்பென்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நோர்மா அம்மாவுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, என்ன நடந்தது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழப் பிள்ளையார் துணை நிற்கட்டும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. அந்தப் பெடியன் எனக்கு ஐந்து தரம் அழைப்பு எடுத்தான், நான் வீட்டில்தான் இருந்தேன், தூக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் இன்னொரு தரம் எடுக்கச் சொல், தூக்குவேன்.

உன் அப்பா,
சி. தவரத்தினம்