மூன்று நாள் மயக்கம்

செப்டம்பர் 11

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். ரிம்மாவை முதல் குழுவில் போட்டுவிட்டார்கள்! மார்ச்சில் விண்வெளிக்குப் போகிறாள், காலமான என் தங்கை பெற்ற பெண். அவளுக்கு ஐந்து வயதிலேயே சொன்னேன், இவள் பூமியில் தங்கமாட்டாள் என்று. மாஸ்கோவுக்கு வெளியே இருக்கும் எங்கள் பயிற்சி மையத்தில் மூன்று பேரை அனுப்ப ஆறு பேரைத் தயார் செய்வார்கள். முதல் குழுவில் ஒருவருக்குக் கோளாறு என்றாலும் மூவருமே இறங்க வேண்டும். மாற்றுக் குழு ஏறும். நமக்கு அந்தக் கவலை கிடையாது.

செப்டம்பர் 24

இன்று அவளுக்கு இருக்கை வார்த்தோம். நீள உள்ளாடையோடு தொட்டியில் படுக்கவைத்து, முதுகைச் சுற்றி பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். அச்சு துளி பிசகினாலும் தரையில் இறங்கும்போது முதுகெலும்பு போச்சு. நான் எட்டாவதோடு நின்றவன், பட்டறையில் வாளி தூக்குகிறவன். ஆனாலும் என்னைக் கேட்காமல் அங்கே ஒன்றும் நடக்காது.

"மாமா, ஜில்லுன்னு இருக்கு."

"அசையாதடி. எத்தனையோ முதுகு பாத்துட்டேன், இதுதான் ராணி முதுகு."

"போன வாரம் எங்க குழு கமாண்டர் ஸகார்கிட்ட ராஜா முதுகுன்னியாமே!"

ஜனவரி 27

விண்கலம் தப்பான இடத்தில் விழுந்தால் பிழைக்க வேண்டுமே, அதற்காக மூவரையும் பனிக்காட்டில் விட்டார்கள். பாராசூட் துணியில் கூடாரம். மூக்குத் தோல் உரிந்து திரும்பினாள். "ஸகார் குறட்டைக்குப் பயந்து ஓநாய்கூட வரல மாமா" என்றாள். நான் பட்டறையில் நான்கு ஓநாய்கள் வந்ததாகச் சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 3

ஆளைச் சுழற்றும் இயந்திரத்தில் தன் எடையைப்போல் எட்டு மடங்கைத் தாங்கிவிட்டாள். மத்தியானம் உணவுக்கூடத்தில் மருத்துவர் அர்காதி இல்யிச் என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு கல்லுங்க, யெகோர் குஸ்மிச்."

என் வாய் சும்மா இருக்குமா? ஏழு வயதில் உறைந்த ஏரியில் சறுக்கி விழுந்து, மண்டையில் அடிபட்டு மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவள், நான்காம் நாள் எழுந்து மறுபடி ஏரிக்கே ஓடினாள் என்றேன்.

"மூணு நாளா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி எதுக்கு? பக்கத்துலயே உக்காந்து நான்தான் பொழைக்க வச்சேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அசந்துபோய்விட்டார் மனிதர்.

பிப்ரவரி 5

ரிம்மாவை மருத்துவக் குழு கூப்பிட்டிருக்கிறது. தலைக்காயத்தை மறைத்தாளாம்.

பிப்ரவரி 6

அர்காதி இல்யிச்சிடம் ஓடினேன். மூன்று நாளெல்லாம் இல்லை, விழுந்தாள், அழுதாள், ஜாம் கொடுத்ததும் எழுந்துவிட்டாள், அவ்வளவுதான் என்றேன்.

"அன்னிக்கு மூணு நாள்னீங்க. இன்னிக்கு ஒண்ணுமேயில்லங்கறீங்க. ரெண்டுல எதை நான் எழுதட்டும்?"

"இதைத்தான்!"

"பொண்ணுக்காகப் பேசறீங்க. புரியுது."

வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக உண்மை பேசியதில்லை நான். நம்பமாட்டேங்கறாரே — நான் என்ன செய்ய?

பிப்ரவரி 12

மாற்றுக் குழு போகிறது. பரிசோதனையில் ரிம்மாவுக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஓராண்டு கவனிப்பில் வைப்பார்களாம். அவளோடு ஸகாரும் இறங்கினார். ஐம்பத்துமூன்று வயது, இனி முறை வராது. பட்டறை வாசலில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 14

ரிம்மா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "விடு மாமா, அடுத்த வருஷம் போறேன்" என்றாள். உருளைக்கிழங்கும் காளான் ஊறுகாயும் வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மார்ச் 19

ராக்கெட் கிளம்பிவிட்டது. பட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிப்ரவரி பதினான்காம் தேதி அவள் வந்தது நிஜம். கட்டிக்கொண்டது, சாப்பிட்டது, அடுத்த வருஷம் என்றது — அதெல்லாம் நானாக எழுதிக்கொண்டது. அவள் மேல்கோட்டைக் கழற்றவில்லை, வாசற்படியைத் தாண்டவுமில்லை.

"அந்த நாளே எனக்கு ஞாபகமில்ல மாமா. கேக்க அம்மாவும் இல்ல. நெசமாச் சொல்லு, நான் மயங்கினேனா?"

"இல்லடி கண்ணு. சத்தியமா இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதைத் தேடினாளோ. பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.